வயிறு குளிர

கூட்டில் இரண்டை விட்டுவிட்டு
மிச்சத்தை எடுத்துவிடுவேன்.
எல்லாவற்றையும் எடுத்தால் இடம் மாற்றிவிடுவாள்.
பிறகு விறகுக்குள், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே
குனிந்து தேடுவது என் பாடு.
மழுங்கின பென்சிலால் ஓட்டில் திகதி போடுவேன்:
சித்திரை பதினாறு. பதினேழு. பத்தொன்பது.
ஐஸ் கொம்பனியில் பகல் முழுக்க எழுதுவதும்
இப்படித்தான். வந்தது, போனது, கரைந்தது.

மஸ்கோவித் தாரா கத்தாது.
டயரில் காற்று இறங்குவதுபோல் சீறும், அவ்வளவுதான்.
"மூஞ்சியில என்ன, அம்மையோ?" என்று கேட்டார்
தபால்காரர் பொன்னுக்கோன்.
இல்லை, பிறவியே அப்படி என்றேன்.
கடிதத்தை மதிலில் வைத்துவிட்டுப் போனார்.

நவ்ஸியாவின் மகளுக்கு நிக்காஹ்.
கேக்குக்கு முப்பது முட்டை கேட்டிருந்தாள்.
பத்தொன்பதோடு கறுப்பி நிறுத்திவிட்டாள்.
விட்டுவைத்த இரண்டையும் இரவில் கீரி கொண்டுபோக
கிங்ஸ்லி சீனக்குடாவில் புல் வெட்டப் போன இடத்தில்
பொறுக்கி வந்த கோல்ஃப் பந்தைக்
கூட்டில் வைத்தேன், ஏமாற்றலாம் என்று.
ஏமாந்தாள்,
நான் நினைத்த பக்கம் அல்ல.
நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி வட்டமாகப் பரப்பி
பந்தின்மேல் அடைக்கு இருந்துவிட்டாள்.

அடை கலைப்பதற்கு முறை இருக்கிறது.
கம்பிவலை அடித்தட்டுப் போட்ட கூண்டு,
நாலு கல்லின்மேல், கீழே காற்றோட.
வைக்கோல் கூடாது, இருட்டும் கூடாது.
தீனும் தண்ணீரும் குறையாமல் மூன்று நாள்.
வயிறு குளிர வேண்டும்.
வாழ்த்தும்போது நாம் சொல்கிற அதே சொல்.

மின்சார நிலைய வீதியில்
கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசியது.
இரண்டாம் இரவு
கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்களில் ஒன்று
படலையைத் தள்ளி உள்ளே வந்து
வெறும் கூட்டின் வைக்கோலைத் தின்றது.
கூண்டுக்குள்ளிருந்து அவள் சீறிய சீறலில்
நான் டோர்ச்சோடு ஓடி வந்தேன்.
மான் மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

மூன்றாம் நாள் திறந்துவிட்டேன்.
பேசினில் குளித்தாள்.
சிறகு உதறினாள். புல்லைக் கொத்தினாள்.
கலைந்துவிட்டது என்று கைகழுவித் திரும்பிப் பார்த்தால்
மான் மிச்சம் விட்ட நாலு தும்பில், பந்தின்மேல்.

நவ்ஸியாவிடம் போய் நின்றேன், கொடுத்ததைக் கேட்க.
"ஃபிரிஜ்ஜில வெக்கல்ல புள்ள, கரண்ட் போய்க் கிடந்த"
என்றாள். நல்லதாய்ப் போயிற்று.
பத்து நாளுக்கு முந்திய திகதிகளை ஒதுக்கி
ஒன்பதை எடுத்தேன்.
"அப்ப கேக்கு?"
கோழிமுட்டைக் காசு நான் தருகிறேன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. ஆனாலும்
பெட்டிக்குள் பழைய துணி வைத்துத்தான் தந்தாள்.

கோழிக்கு இருபத்தொன்று.
இவளுக்கு முப்பத்தைந்து.
நாளுக்கு ஒருதடவை எழும்பி
ஊரே நாறும் ஒரு எச்சம் போட்டு, அவசரமாய்க் குளித்து
ஈரவயிற்றோடு திரும்புவாள்.
துடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.
இந்தக் காய்ச்சலுக்கு அந்த ஈரமே
ஓட்டுக்குள் தோல் இறுகாமல் காக்கிறதாம்.
பத்தாம் இரவு, கரண்ட் இல்லாத நேரம்,
டோர்ச்சின்மேல் ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
சிவப்பு நரம்பு ஓடினவை ஏழு.
இரண்டு வெறும் மஞ்சள் வெளிச்சம்.
பந்தையும் பிடித்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது.

ஆனியில் ஆறு பொரித்தன.
ஏழாவது ஓட்டைக் கொத்தித் துளைத்து
அதோடு நின்றுபோயிற்று.
உடைத்து உதவியிருக்கலாமோ.
உதவினால் இரத்தம் போகும் என்பார்கள்.
கையைக் கட்டிக்கொண்டு மத்தியானம்வரை நின்றேன்.

குஞ்சுகள் செட்டைக்குக் கீழிருந்து
தலைநீட்டத் தொடங்கிய பிறகும்
ஒரு பகல் முழுக்க அவள் எழும்பவில்லை.
அலகால் பந்தைப் புரட்டுவாள்,
தலையைச் சரித்துக் காது கொடுப்பாள்,
மறுபடி புரட்டுவாள்.
மறுநாள் விடிய ஆறையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

பந்தை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டு
வேலைக்குப் போனேன்.
ஐஸ்கட்டிகள் தடதடவென்று சறுக்கி லொறியில் ஏற,
மேசையில், பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பத்தரை மணிக்கும் சூடாக இருந்தது.